ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அப்புறம் எப்படி உயிர் போகிறது?

2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர் மூட்டு ஜவ்வு கிழிந்ததற்காக அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதன்பின் அந்தக் காலையே எடுக்க வேண்டி வந்தது, சில நாட்களில் உயிரும் போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்ததே காரணம் என்று சுகாதாரத் துறை அமைச்சரே சொன்னார், இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு கட்டு இறுகினால் உயிர் போகுமா என்று அப்போது பலரும் கேட்டார்கள். போகும். எப்படிப் போகும் என்று புரிய, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வார்டில் நடக்கும் வேலையைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

சிக்கல் வேறு, கோட்டை விடுவது வேறு

ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, நிமோனியா, காலில் ரத்தக்கட்டி என்று எதிர்பாராமல் வருபவற்றைச் சிக்கல் என்கிறோம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு பங்கு நோயாளிகளுக்கு இவை வரத்தான் செய்யும். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை வேறு கோணத்தில் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பின் இறப்பு மிக அதிகமாக இருந்த மருத்துவமனைகளையும் மிகக் குறைவாக இருந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மோசமான இடங்களில் சிக்கலும் அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இறப்பு அதிகமான இடங்களில் சிக்கல் 24.6 சதவீதம், குறைவான இடங்களில் 26.9 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள், இறப்பு அதிகமான இடங்களில் 21.4 சதவீதம், குறைவான இடங்களில் 12.5 சதவீதம்.

ஆக, சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. அதை எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததும் என்ன செய்தார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்தக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பங்கு செவிலியருடையது. சர்ஜன் காலையிலும் மாலையிலும் ரவுண்ட்ஸ் வருவார், நடு இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே நிற்பவர் ஸ்டாஃப் நர்ஸ்தான்.

ஆபரேஷனுக்கு முன்: எரிச்சலூட்டும் கேள்விகள் எதற்கு?

1. "எப்போ சாப்பிட்டீங்க?"

மயக்க மருந்து கொடுத்ததும் விழுங்குவது, இருமுவது போன்ற தற்காப்புகள் அடங்கிவிடும். வயிற்றில் ஏதாவது இருந்தால் அது அமிலத்தோடு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம், அப்படி இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். 1946-ல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் இதை விரிவாகப் பதிவு செய்தார். வெறும் வயிறு என்ற விதி இன்றுவரை இவ்வளவு கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய பொதுவான கணக்கு இது: எண்ணெய்ப் பலகாரம், கறிச்சோறு என்றால் 8 மணி நேரம், லேசான உணவுக்கு 6, தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. நம் ஊரில் சிக்கலே காபியில்தான். "சாப்பிடலை சிஸ்டர், காலையில ஒரு வாய் காபிதான்" என்பார்கள், பால் கலந்த காபி வயிற்றில் திரிந்து கெட்டியாகிவிடும் என்பதால் அதுவும் 6 மணி நேரக் கணக்கில்தான் சேரும், ஆபரேஷன் தள்ளிப்போகும். பொய் சொல்லிவிட்டால் தள்ளிப்போகாது, அதுதான் ஆபத்து. எடை குறைய செமாகுளூட்டைட் போன்ற ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இரைப்பை காலியாக இன்னும் நேரமாகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மறுநாள் மதியம் நடக்கப்போகும் ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பத்து மணியிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உடல் வறண்டு, மயக்கம் கொடுக்கும்போது பி.பி. சட்டென்று இறங்க இது ஒரு காரணம். "தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்?" என்று தனியாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

2. "என்னென்ன மாத்திரை போடுறீங்க?"

மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுபோய்க் காட்டுவதே சரி. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தாமல் வந்தால் ரத்தக்கசிவு, இதய ஸ்டென்ட் வைத்தவர் தானாகவே நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்கான டாபாகுளிஃப்ளோசின் வகை மாத்திரை இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. திட்டமிட்ட ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும், ஆள் மட்டும் வாந்தியும் மூச்சிரைப்புமாகக் கிடப்பார். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், யாரும் திட்டப்போவதில்லை.

3. தோடு, மெட்டி, தாலி, பல்செட்

ஆபரேஷனில் ரத்தக் குழாய்களைச் சுட்டு மூடும் கருவி மின்சாரத்தில் ஓடுகிறது, உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் தீய்ந்துபோக வாய்ப்புண்டு. விரல் வீங்கினால் மோதிரமும் மெட்டியும் இறுகிக்கொள்ளும். கழற்றும் பல்செட் தொண்டைக்குள் போகலாம். நகப்பூச்சும் கருத்த மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைக் குழப்பலாம், நகம் நீலம் பாரித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தாலியைக் கழற்ற மனசு வராவிட்டால் முன்பே சொன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும், தியேட்டர் வாசலில் வைத்து அழுவதும் கோபப்படுவதும் மிச்சம்.

4. முடி எடுப்பது

முந்தைய நாளே பிளேடு வைத்து வழித்துவிட்டு வருவது சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், அதில் கிருமி குடியேறும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் எடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

5. கையெழுத்து

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சுயநினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளிதான், கணவரோ மாமனாரோ கிடையாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. சோதனைக்காக மட்டும் லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அம்மாவின் சம்மதமும் போதாது என்று நீதிமன்றம் சொன்னது.

தியேட்டருக்குள் மூன்று நிறுத்தங்கள்

ஆளைப் பார்த்து பெயரைக் கேட்பது, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்பது, அதையே இன்னொருவர் வந்து மறுபடி கேட்பது எல்லாம் குழப்பத்தால் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போகும் முன் என மூன்று இடத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களில் பரிசோதித்தபோது ஆபரேஷன் தொடர்பான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. புது மருந்து, புது மெஷின் எதுவும் கிடையாது, ஒரு தாள்தான். வயிற்றைத் தைத்து மூடும் முன் பஞ்சுத்துணிகளை எண்ணுவது இதில் செவிலியரின் வேலை. ஒன்று குறைந்தாலும் "எண்ணிக்கை சரியில்லை சார்" என்று சொல்லி சீனியர் சர்ஜனையே நிறுத்த வேண்டும். எல்லா இடத்திலும் அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

முதல் சில மணி நேரம்: மூச்சு, ரத்தம், சிறுநீர்

தியேட்டரிலிருந்து வந்ததும் முதலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை, அப்புறம் மணிக்கு ஒருமுறை என்று நாடி, பி.பி., மூச்சு, உடல் வெப்பம் எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பது பொதுவான வழக்கம். சும்மா நோட்டை நிரப்புகிறார்கள் என்று தோன்றும். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து அதிகம் சொல்ல முடியாது, வரிசையாக எடுத்தால்தான் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

மூச்சு: "குறட்டை விட்டு நல்லா தூங்குறார்" என்று உறவினர் நிம்மதியாகச் சொல்வார். மயக்கம் முழுசாகத் தெளியாதவரின் குறட்டைக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையைப் பாதி அடைத்திருக்கிறது என்று அர்த்தம் இருக்கலாம். மார்ஃபின் வகை வலி ஊசிகள் மூச்சின் வேகத்தையே குறைக்கும், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 8-க்கும் கீழே இறங்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கும்போது விரல் கருவி 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். அதனால்தான் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார்கள், தூங்குபவரைத் தட்டி எழுப்பிப் பெயர் கேட்கிறார்கள். சிஸ்டர் தூங்கவிடமாட்டேங்கிறார் என்ற புகார் நிறையக் காதில் விழும், அந்த முதல் சில மணி நேரத்தில் தூங்கவிடாத சிஸ்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

ரத்தம்: பி.பி. நார்மல் என்றால் எல்லாம் நார்மல் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் முக்கால் லிட்டருக்கு மேல் போனாலும் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓடவைத்துப் பி.பி.யைத் தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ ஒன்றரை லிட்டருக்கு மேல் போகும்போதுதான் பி.பி. கீழே விழும். முதலில் மாறுவது நாடி: 84, 96, 108, 118 என்று ஏறும். பி.பி. 120-லேயே நிற்கும். இந்த வரிசையைப் பார்த்த நர்ஸ் டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டியது 108-ல், பி.பி. விழும் வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். நாடியைக் கட்டுப்படுத்தும் இதய மாத்திரை போடுபவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் சரியாகக் கிடைக்காது, கை சில்லிடுவது, வியர்ப்பது, காரணமில்லாத படபடப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

கட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், ரத்தம் பக்கவாட்டில் வழிந்து முதுகுக்கு அடியில் தேங்கியிருக்கும், அனுபவமுள்ள செவிலியர் கையை அடியில் விட்டுப் பார்ப்பார். உள்ளே சேரும் ரத்தமும் நீரும் வெளியே வர வைத்த குழாயின் பையில் (ட்ரெயின் பை) ரத்தம் இல்லை என்பதும் நம்பத்தக்கதல்ல, குழாய் உறைந்து அடைத்திருக்கலாம். தைராய்டு ஆபரேஷன் இன்னும் அவசரம்: கழுத்துக்குள் ரத்தம் சேர்ந்தால் மூச்சுப்பாதை நெரிபடும், தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமில்லாமல் கட்டிலிலேயே தையலைப் பிரித்துவிட வேண்டியிருக்கும்.

சிறுநீர்: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். யூரின் பையைக் காலி செய்யும் உறவினர் அளவைச் சொல்லாமல் கொட்டிவிடக் கூடாது.

இறுகிய கட்டு காலை எப்படிக் கொல்கிறது?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கால் தசைகள் கட்டுக்கட்டாக, அதிகம் விரியாத ஒரு சவ்வு உறைக்குள் அடைபட்டிருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு தசை வீங்கும். உறை விரியாது, மேலே கட்டும் விடாது, உள்ளே அழுத்தம் ஏறும். பிறகு நடப்பது இந்த வரிசையில்:

1. ரத்தத்தை வெளியே எடுத்துப்போகும், சுவர் மெலிந்த சிறு சிரைகள் முதலில் நசுங்கும். தமனி வழியாக ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழியிருக்காது. வீக்கம் இன்னும் கூடும்.
2. தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் ஓட்டம் நிற்கும். பெரிய தமனி அப்போதும் ஓடுவதால் பாதத்தில் நாடித்துடிப்பு கிடைக்கும். "பல்ஸ் இருக்கே" என்று ஏமாறுவது இங்கேதான்.
3. ஏறத்தாழ 6 மணி நேரம் இப்படியே போனால் தசையும் நரம்பும் திரும்ப முடியாத அளவுக்குச் சாகத் தொடங்கும்.
4. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் ரத்தத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும், மயோகுளோபின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். காலில் தொடங்கியது உயிரில் முடிவது இந்த வழியில்தான்.

முதல் அறிகுறி வலி, அதுவும் செய்த ஆபரேஷனுக்குப் பொருந்தாத வலி. ஊசி போட்டும் அடங்காது. விரலை யாராவது மெதுவாக நீட்டினாலே அலறுவார்கள். அப்புறம் மரத்துப்போகும், விரலை அசைக்க முடியாது. சில்லிடுவதும் வெளுப்பதும் கடைசிக் கட்டம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்திருந்தால் அந்த வலியே தெரியாமல் போகலாம் என்பதால் அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தாம்மா செய்யும்" என்ற பதில் எவ்வளவு சாதாரணமாக வார்டுகளில் சொல்லப்படுகிறது என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. வலிக்கும், உண்மைதான், ஆனால் நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால் மணியைப் பார்த்துச் சொல்லி, டாக்டரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? கட்டை அடி பஞ்சு வரை முழுசாக வெட்டித் திறந்து, காலை இதயத்தின் மட்டத்தில் வைப்பார்கள். தலையணை அடுக்கி உயர்த்தினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். அப்படியும் அடங்காவிட்டால் அந்தச் சவ்வு உறையையே நீளக் கீறி விடுவார்கள். தழும்பு பெரிதாக விழும், கால் பிழைக்கும்.

அடுத்த சில நாட்கள்

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். பாதிப் பேர் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, குழாய் வழியாக மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தைச் சில நொடி மேலேயே நிறுத்த வேண்டும். தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும், நிமோனியா வரை போகும். இருமும்போது தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்தால் வலி குறையும்.

சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்வது காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அது ரத்தக்கட்டியாக இருந்து, பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் ஆள் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் அதுதானோ என்று சந்தேகிக்க வேண்டும்.

காய்ச்சலுக்கும் கால அட்டவணை மாதிரி ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு நாள் வரும் லேசான காய்ச்சல் பெரும்பாலும் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை. மூன்றாம் நாள் வாக்கில் வந்தால் சிறுநீர்த்தொற்றையும் நுரையீரலையும் பார்ப்பார்கள், ஐந்தாம் நாளுக்கு மேல் தையலைப் பார்ப்பார்கள்.

வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கட்டை நனைத்தால் உள் தையல் விட்டுப்போவதற்கான அடையாளமாக இருக்கலாம். குடல் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளக்கூடாது. முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, உப்புநீரில் நனைத்த சுத்தமான கட்டுத்துணியால் மூடி, சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்?

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டும். 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரிந்தது. நான்கு பேரைப் பார்ப்பவருக்கும் எட்டுப் பேரைப் பார்ப்பவருக்கும் நடுவே உள்ள தூரத்தை இதிலிருந்து கணக்குப் போடலாம். நம் பெரிய அரசு வார்டுகளில் இரவில் ஒரு நர்ஸ் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பதை அங்கே தங்கியவர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள். நோயாளி இறந்ததும் ஒரு டாக்டரையோ நர்ஸையோ பணியிடை நீக்கம் செய்வது சுலபம், செய்தியும் அடங்கிவிடும். கட்டிலுக்கு இத்தனை நர்ஸ் என்ற கணக்கைச் சரிசெய்ய பட்ஜெட்டில் பணம் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புண் சீழ் பிடிக்கும் என்று பயந்து, பத்தியம் என்ற பேரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி ரசஞ்சாதம் மட்டும் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. சீழ் பிடிக்க வைப்பது கிருமி, சாப்பாடு இல்லை. புண் ஆற வேண்டுமென்றால் உடலுக்குப் புரதம் வேண்டும், டாக்டர் தடுக்காதவரை அதைக் கொடுக்கத்தான் வேண்டும். தையல் மேல் மஞ்சளோ பவுடரோ திருநீறோ போடக்கூடாது.

தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், குளிர்காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குவது, நிற்காத வாந்தி, சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக வேண்டும், மூச்சுத்திணறல் என்றால் 108. மருத்துவக் கணக்கில் ஆபரேஷன் முடிந்து 30 நாள் வரை வரும் தொற்றை ஆபரேஷன் தொற்றாகவே பார்க்கிறார்கள், உள்ளே உலோகத் தகடு, செயற்கை மூட்டு போன்றவை வைத்திருந்தால் 90 நாள் வரை. அந்த நாட்களுக்குள் காய்ச்சல் என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போய், இன்ன தேதியில் இன்ன ஆபரேஷன் நடந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.